பனியன் கோடவுனில் ஓர் ஆளுநர்

முனீஸின் பாடத்தில் எதிரொலி கேட்டால் கம்பெனியில் ஆர்டர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடித்தது ஏற்றுமதி வட்டாரத்துப் பெரிய மனிதர்கள் இல்லை, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். "அண்ணா, போன வாரம் கிணத்துக்குள்ள இருந்து பேசின மாதிரி இருந்துச்சு, உடம்பு சரியில்லையா?" என்று ஒரு பிள்ளை யூடியூபில் கமெண்ட் போட்டது. முனீஸுக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. துணிதான் இல்லை.

திருப்பூரிலிருந்து அவிநாசி போகிற ரோட்டில் ஒரு பனியன் கம்பெனிக்கு அவன் கோடவுன் இன்சார்ஜ். சாயப்பட்டறையிலிருந்து வரும் துணி ரோல்களை இறக்கி, எடை பார்த்து, கலர்வாரியாக அடுக்கி, கட்டிங்குக்கு எடுத்துக் கொடுப்பது வேலை. ஆர்டர் நன்றாக ஓடும் மாதங்களில் ரோல்கள் ஆள் உயரத்தையும் தாண்டிச் சுவராக நிற்கும். இரண்டு சுவருக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். மதியச் சாப்பாட்டு மணி அடித்து, மொத்தக் கம்பெனியும் மிஷினை நிறுத்திவிட்டு டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, முனீஸ் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு அந்த ஸ்டூலில் போய் உட்காருவான். செல்போனை ஒரு ரோல் மேல் சாய்த்து வைத்து, பாடம் சொல்லிப் பதிவு செய்வான். பருத்தித் துணி தண்ணீரைக் குடிக்கிற மாதிரியே சத்தத்தையும் குடிக்கும். காசைக் கொட்டி ஸ்டுடியோ கட்டுகிறவர்களுக்குக்கூட அப்படி ஓர் அமைதி வாய்க்காது.

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல். அதிலும் வரலாறு, குடிமையியல் மட்டும். புவியியல் பக்கம் போக மாட்டான். "மேப்பை வாயால போட முடியாதுப்பா" என்பான். கரும்பலகை கிடையாது, முகம் கிடையாது. வீடியோ முழுக்க ஒரே ஒரு சாம்பல் கலர் துணி ரோலின் போட்டோ அசையாமல் நிற்கும். அதைப் பார்க்க யாரும் வருவதில்லை. கேட்கத்தான் வருகிறார்கள்.

முனீஸுக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். பிளஸ் டூவில் ஹிஸ்டரி குரூப். அந்தக் குரூப்பை எடுத்தவனைப் பார்த்து ஊரே ஒரு கேள்வி கேட்கும்: "கணக்கு வரலையாக்கும்?" வரவில்லைதான். அவனுக்கு வந்தது குரல்கள். பஸ் கண்டக்டர் குரல், கோயில் மைக் செட்காரர் குரல், தலைமை ஆசிரியர் இருமிவிட்டுப் பேசுகிற குரல். ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே நின்று இருமி, "எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்றான். வகுப்பு மொத்தமும் போய்விட்டது. போன பிள்ளைகளைத் திரும்பக் கூட்டி வர சாயங்காலம் ஆனது. முனீஸின் முதுகு ஆற அடுத்த வாரம் ஆனது. பிறகு தபால் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தான். அதில் கடைசியாக மிஞ்சிய பேப்பர்கள் வருஷா வருஷம் அவனுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கின்றன.

பாடம் சொல்ல ஆரம்பித்தது ஊருக்காக இல்லை, அக்கா நாகஜோதிக்காக. அவள் அதே கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்காருகிறவள். அந்த வரிசையில் யார் எதைத் தைக்க வேண்டும், யார் தைத்ததைப் பிரிக்க வேண்டும் என்று சொல்வதெல்லாம் அவள்தான். ஆனால் சூப்பர்வைசர் என்ற பெயரும் கழுத்தில் மாட்டும் கார்டும் வேறொருவருக்கு. பத்தாவது பாஸ் இல்லாதவருக்கு அந்தக் கார்டு கிடையாது. நாகஜோதி பத்தாவதில் எல்லாம் பாஸ், சமூக அறிவியல் தவிர. இரண்டு முறை தனித்தேர்வராக எழுதியும் அந்த ஒன்று கைக்கு வரவில்லை. இந்த மார்ச்சில் மூன்றாவது தடவை. இந்தத் தடவையும் போனால் கார்டை அந்த ஆளுக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிடுவார்கள் என்று ஆபீஸில் சொல்லியாயிற்று.

ஓவர்லாக்கில் உட்கார்ந்துகொண்டு புத்தகம் படித்தால் விரல் போய்விடும். காது சும்மாதான் இருக்கிறது. அப்படித்தான் இயர்போனில் பாடம் தொடங்கியது.

அவன் பாடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி, வெளிநாட்டு பையருக்காகச் சரக்குப் பார்க்க வருகிற ஏஜெண்ட் குரலில் பேசும்: "சும்மா ஒரு சாம்பிள் பார்த்துட்டுப் போலாம்னு வந்தோம் சார். ஒரு காபி சொல்றீங்களா?" பாடத்தின் முடிவில் காபி சொன்னவர் வெளியே நிற்பார், ஏஜெண்ட் உள்ளே உட்கார்ந்திருப்பார். முதல் உலகப் போர், ஒரே சாக்கடைக்குச் சண்டை போடுகிற பக்கத்துப் பக்கத்துக் கம்பெனிக்காரர்களின் குரலில் மூளும். நாகஜோதி அதை வரிசையில் இருந்தவர்களுக்கு அனுப்பினாள். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பினார்கள். ஊத்துக்குளி, மடத்துக்குளம் என்று எங்கிருந்தெல்லாமோ "அண்ணா, அடுத்த பாடம் எப்போ?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

வினை குடிமையியலில் வந்தது. மாநில அரசு என்ற பாடம்.

"பெயரளவு நிர்வாகின்னா என்னடா?" என்று டீ நேரத்தில் நாகஜோதி கேட்டாள்.

"பேருக்கு இருக்கறவரு. ஆளுநர்."

"பேருக்கு இருக்கறவரு எதுக்குடா இருக்காரு?"

"அரசியலமைப்புல அப்படித்தான்க்கா."

"இதத்தான் போன தடவ எழுதினேன். ஒரு மார்க்குகூடப் போடல."

முனீஸ் டீயை வைத்துவிட்டு எதிரே இருந்த கம்பெனி போர்டைப் பார்த்தான். திருப்பூரில் பாதிப் பேருக்குத் தெரிந்த ஏற்பாடுதான் அது. போர்டு மகள் அக்ஷரா பெயரில். லைசென்ஸ், பேங்க் கணக்கு எல்லாம் மனைவி குழந்தையம்மாள் பெயரில். கம்பெனி மட்டும் கணவர் வெள்ளியங்கிரி கையில். வாரத்துக்கு ஒரு நாள் ஓனரம்மா காரில் வந்து இறங்குவார். வெள்ளியங்கிரி அண்ணா பேப்பர்களை நீட்டுவார். எங்கெல்லாம் பென்சிலில் பெருக்கல் குறி இருக்கிறதோ அங்கெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, எல்லாரிடமும் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

மறுநாள் மதியம் துணிச் சுவருக்கு நடுவே இருந்து ஆளுநர் பேசினார்.

"எங்கீங்க போடோணும், இங்கீங்களா? குறி மேலயாங்க, பக்கத்துலயாங்க?"

முதலமைச்சர் பதில் சொன்னார்: "மேலயே போடு புள்ள. அதைய எதுக்குப் படிக்கிற? லாரி நிக்குது."

பிறகு முனீஸ் சொந்தக் குரலில்: "கையெழுத்துப் போடறவர் பெயரளவு நிர்வாகி. லாரியை நிப்பாட்டி வெச்சிருக்கறவர் உண்மையான நிர்வாகி. ஐந்து மதிப்பெண்."

நாகஜோதி மிஷினில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் நூல் அறுந்து, ஒரு சட்டையின் கை உடம்போடு சேராமல் தனியாகப் போனது. பெயர் ஒன்றும் சொல்லவில்லையே என்பது முனீஸின் தைரியம். அதற்கேற்ற மாதிரி கமெண்டில் ஆளாளுக்கு எழுதினார்கள்: "அண்ணா, எங்க கம்பெனி ஓனரம்மாவ நீங்க எப்போ பாத்தீங்க?"

அக்ஷராவும் பத்தாவதுதான் படிக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். இங்கிலீஷ் மீடியம் பிள்ளை தன் பாடத்தைக் கேட்கும் என்பதுதான் தெரியாது. அவள் கேட்டாள். அதுவும் டியூசனுக்குப் போகும் வழியில், காரின் ஸ்பீக்கரில், அம்மா ஓட்டிக்கொண்டிருக்கும்போது. அம்மாவின் குரல் காருக்குள் இரண்டு இடத்திலிருந்து வந்ததும் மகள் அணைக்கப் பார்த்தாள். "அணைக்காத கண்ணு. மறுக்கா போடு" என்றாராம் குழந்தையம்மாள்.

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு மணி அடித்த பிறகு, ஓனரம்மா நேராகக் கோடவுனுக்குள் வந்தார். கையெழுத்து நாளும் இல்லை. முனீஸ் ஸ்டூலிலிருந்து எழுந்த வேகத்தில் ஒரு ரோல் உருண்டது.

"உக்காருங்கண்ணு. சாப்டாச்சா?"

"ஆச்சுங்கம்மா."

"அந்தக் கவர்னரு நாந்தானுங்களே?"

முனீஸுக்குத் தெரிந்த அத்தனை குரல்களும் அந்த நேரத்தில் லீவு எடுத்துக்கொண்டன. "அது... பொதுவா சொன்னதுங்கம்மா."

"பொதுவா சொன்னதுல சாப்டாச்சான்னும் கேட்டிருக்கலாமுங்க. அதைய உட்டுட்டீங்க." அவர் ரோல்களைச் சுற்றிப் பார்த்தார். "அக்ஷராக்கு இப்பத்தான் மண்டைல ஏறுதாமுங்க. சரி, கவர்னருக்குக் கையெழுத்துப் போடறத உட்டா வேற வேலையே இல்லீங்களா?"

"இருக்குதுங்கம்மா. அடுத்த பாடத்துல வருது. ஆளுநரின் அதிகாரங்கள்."

"எப்பங்க வரும்?"

அந்த வாரமே வந்தது. சட்டமன்றம் அனுப்பும் மசோதா பிடிக்காவிட்டால் ஆளுநர் ஒரு முறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். பண மசோதாவை அனுப்ப முடியாது. திருப்பி அனுப்பியது மறுபடியும் நிறைவேறி வந்தால் ஒப்புதல் கொடுத்தே ஆக வேண்டும். கமெண்டில் ஒரு பையன் கேட்டிருந்தான்: "அண்ணா, கையெழுத்தும் போடாம, திருப்பியும் அனுப்பாம, அப்படியே வெச்சுக்கிட்டா?" முனீஸ் பதில் போட்டான்: "அது சிலபஸ்ல இல்ல தம்பி."

இதற்குள் பாடத்தில் எதிரொலி கேட்க ஆரம்பித்திருந்தது. ரோல் சுவர்கள் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டன. புது ஆர்டர் வரவில்லை. வெள்ளியங்கிரி அண்ணா சும்மா கிடக்கிற கோடவுனை ஒரு பார்சல் கம்பெனிக்கு வாடகைக்கு விட முடிவு செய்தார். மிச்சத் துணியைக் கட்டிங் ஹாலிலேயே வைத்துக்கொள்ளலாம். முனீஸைப் பெருந்துறைப் பக்கம் தெரிந்தவர் சாயப்பட்டறை ஸ்டோருக்கு அனுப்பலாம். அங்கே மிஷின்கள் மதியச் சாப்பாட்டுக்கும் நிற்காது. வீட்டில் பேசலாம் என்றால், லைன் வீட்டில் பக்கத்துச் சுவரின் மிக்ஸியும் எதிர்ச் சுவரின் டிவியும் சேர்ந்துதான் பாடம் சொல்லும். நாகஜோதிக்கு இன்னும் பாதிப் புத்தகம் பாக்கி இருந்தது.

ஸ்டாக் விவரம் கேட்டு முனீஸை ஆபீஸுக்குக் கூப்பிட்ட நேரத்தில்தான் அந்த வாடகைப் பத்திரம் மேஜைக்கு வந்தது.

"ஏம்புள்ள, இங்க ஒரு கையெழுத்து" என்றார் வெள்ளியங்கிரி. பென்சில் குறி தயாராக இருந்தது.

குழந்தையம்மாள் பேனாவை எடுக்கவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டார்.

"படிச்சுப் பாக்கறனுங்க."

"எதைய?"

"இதையத்தானுங்க."

அவர் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். வெள்ளியங்கிரி முனீஸைப் பார்த்தார். முனீஸ் ஃபேனைப் பார்த்தான். ஃபேன் மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்தது.

"இதைய மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பறனுங்க."

"எங்க அனுப்பற?"

"உங்களுக்குத்தானுங்க."

"நா இங்கதான உக்காந்திருக்கறேன்?"

"அதனாலதானுங்க கையிலயே குடுக்கறேன்."

வெள்ளியங்கிரி அண்ணா அன்று சாயங்காலம் மகளை விசாரித்தார். அக்ஷரா இரண்டு பாடத்தையும் போட்டுக் காட்டினாள். கம்பெனி முழுக்க முனீஸ் கதை முடிந்தது என்றே பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் கோடவுன் வாசலில் அவர் வந்து நின்றார்.

"ஏண்டா முனீசு, அந்தச் சி.எம்.மு நாந்தான?"

"மன்னிச்சுக்கங்கண்ணா."

"எதுக்குடா மன்னிக்கோணும்? சரியாத்தான போட்டிருக்கற. கொரலுதான் கொஞ்சம் கட்டையா இருக்குது, அடுத்த தடவ பாத்துக்க." அவர் முகத்தில் பதவி ஏற்றவரின் களை இருந்தது. "ஆனா உன்ர பாடத்துலயே இருக்குதாமா, ரெண்டாவது தடவ அனுப்பினா போட்டே ஆகோணும்னு. நாளைக்கு ஆபீசுக்கு வந்து அதைய நீயே உங்க ஓனரம்மாகிட்டச் சொல்லிரு."

டீ நேரத்தில் நாகஜோதியிடம் சொன்னான். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"போட வேணாம்னு சொல்லிருடா. யாருக்குத் தெரியப் போகுது?"

"அக்ஷரா அதையே பரீட்சையில எழுதுமே."

"அது எப்படியும் பாஸாயிரும்."

"நீயும் அதையே எழுதுவியே."

"நான் எழுத மாட்டேன்."

"எழுதுவக்கா. நீ நான் சொல்றதுல தப்பா இருக்கறத மட்டும் கரெக்டா ஞாபகம் வெச்சிருப்ப."

நாகஜோதி அவன் தலையில் தட்டினாள்.

மறுநாள் ஆபீஸில், புருஷன் ஒரு பக்கமும் பெண்டாட்டி ஒரு பக்கமும் உட்கார, சுப்ரீம் கோர்ட் மாதிரி முனீஸ் நடுவில் நின்றான்.

"கேளு, இவனையே கேளு" என்றார் முதலமைச்சர்.

"போட்டே ஆகோணுமுங்களா கண்ணு?" என்றார் ஆளுநர்.

"ஆமாங்கம்மா. ரெண்டாவது தடவ வந்துட்டா போட்டே ஆகணுமுங்க."

சொல்லும்போது அவன் குரல் அவனுக்கே எதிரொலித்தது. வெள்ளியங்கிரி பேனாவை நீட்டினார்.

"வெச்சுட்டுப் போங்க. லாரி நிக்குதுன்னு சொன்னீங்களே" என்றார் குழந்தையம்மாள். லாரி நிஜமாகவே நின்றது. அவர் போனார்.

ஓனரம்மா பத்திரத்தோடு எழுந்து முனீஸ் பின்னாலேயே கோடவுன் வரைக்கும் நடந்தார். வெற்றுத் தரையில் இரண்டு பேர் செருப்புச் சத்தம் நாலு பேர் சத்தமாகக் கேட்டது. முனீஸ் அடக்க முடியாமல் சொல்லிவிட்டான்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அது பரீட்சைக்குங்க. நீங்க நெசக் கவர்னர் இல்லீங்க. ஓனருங்க. வேண்டாம்னா வேண்டாந்தானுங்க, எத்தன தடவ வந்தாலும்."

"அது எனக்குத் தெரியாதுங்களா?" என்றார் அவர் சாதாரணமாக. "ஓனருன்னு சொன்னாச் சண்டை வருங்கண்ணு. எங்கண்ணன் வருவாரு, இவரு தங்கச்சி வருவாங்க, ரெண்டு ஊட்டுப் பஞ்சாயத்தும் கூடும். கவர்னருன்னா ஒரு தொந்தரவும் இல்லீங்க. சட்டத்துல இருக்குதுன்னா அவரும் கேட்டுக்கறாரு, பாத்தீங்கல்ல." அவர் பத்திரத்தை மடித்தார். "சரி, அந்தப் பையன் கேட்டானே, கமெண்டுல. கையெழுத்தும் போடாம, திருப்பியும் அனுப்பாம அப்படியே வெச்சுக்கிட்டா என்னாகும்னு. அதுக்கு என்னங்க?"

"அது சிலபஸ்ல இல்லீங்கம்மா."

"அப்பப் பரிச்சைக்கும் வராது."

"வராதுங்க."

கைப்பையின் ஜிப் திறந்தது, மூடியது.

அதன் பிறகு வெள்ளியங்கிரி அண்ணா கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "பரிசீலனையில இருக்குதுங்க." அவர் அக்ஷராவிடம் போய் இதற்குப் பாடத்தில் என்ன வழி என்று தேடச் சொன்னார். அவள் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "புக்ல இல்லீங்கப்பா" என்றாள். பார்சல் கம்பெனிக்காரர்கள் போன் பண்ணினார்கள். அவரும் "பரிசீலனையில இருக்குதுங்க" என்றார்.

முனீஸ் மதியத்தில் ஒரு பாடமாக ஓட்டினான். ரோல்கள் குறையக் குறைய எதிரொலி கூடியது. கடைசிப் பாடங்களைக் கறை பட்டு ஒதுக்கிய துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வேர்க்க வேர்க்கக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து சொன்னான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மூட்டை, இந்திய வெளியுறவுக் கொள்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

சமூக அறிவியல்தான் கடைசிப் பரீட்சை. நாகஜோதி வெளியே வந்தபோது கேட் பக்கத்தில் முனீஸ் நின்றான்.

"ஆளுநர் வந்துச்சாக்கா?"

"வந்துச்சுடா! அதிகாரங்கள் கேட்டான். பாயிண்ட் பாயிண்டா வெச்சுத் தள்ளிட்டேன். நீ சொல்லாத ஒண்ணும் சேத்து எழுதினேன்."

"நான் சொல்லாததா? என்னத்த?"

"சில நேரத்துல கைப்பையில வெச்சுக்கிடுவாங்கன்னு."

"அக்கா! அது சிலபஸ்ல இல்லைக்கா!"

"சிலபஸ்ல இல்லாட்டி என்ன? கண்ணால பாத்தோம்ல."

அன்று சாயங்காலமே வெள்ளியங்கிரி அண்ணாவின் மேஜையில் பத்திரம் இருந்தது. பென்சில் குறிக்கு மேலேயே கையெழுத்து. எப்போது போட்டாய் என்று அவர் கேட்கவில்லை. பரிசீலனை முடிந்தது என்று மட்டும் எடுத்துக்கொண்டார்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. நாகஜோதி பாஸ். கைப்பைக்கு மார்க் போட்டார்களா, சிவப்பு மையில் சுழித்தார்களா என்பது விடைத்தாள் திருத்தியவருக்கே வெளிச்சம். அவள் கழுத்தில் இப்போது கார்டு தொங்குகிறது. செய்கிற வேலை எப்போதும் செய்ததுதான். அக்ஷராவும் பாஸ். அவள் பிளஸ் ஒன்னில் என்ன குரூப் என்பது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

கோடவுனில் இப்போது பார்சல் பெட்டிகள். முனீஸ் பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறை ஸ்டோரில் இருக்கிறான். புது வருஷத்துப் பிள்ளைகளுக்காகப் போட்ட முதல் பாடத்திலேயே ஒரு கமெண்ட் வந்தது: "அண்ணா, பின்னாடி ஒரே சத்தமா இருக்கு, உங்க ஊர்ல மழையா?"

"மழை இல்ல தம்பி" என்று முனீஸ் பதில் போட்டான். "இங்க மத்தியானத்துல மிஷின நிப்பாட்ட மாட்டாங்க."